படத்தில் வைத்த பட்டை

வெள்ள வரைபடத்தில் ஆற்றின் பழைய தடத்தை ஒரு பட்டையாகக் காட்டினேன். அந்தப் பட்டையைப் படத்தில் வைத்தது சரிதான் என்று இன்றும் சொல்வேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

பழைய டோப்போஷீட், அதாவது நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள், மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360. அதில் ஆறு குதிரை லாடம் மாதிரி வளைந்து போகிறது. பிறகு வந்த 1:50,000 தாளில் அந்த வளைவு அறுந்து சதுப்புக் குறி மட்டும். இப்போதைய செயற்கைக்கோள் படத்தில் வயலும் வீடுகளும்தான். பழைய தாளின் ஸ்கேனை ஜியோரெஃபரன்ஸ் செய்து, அதாவது தரையில் உள்ள இடங்களோடு பொருத்தி, இதன் மேலே போட்டால், பழைய வளைவு நேராகக் குடியிருப்புக்குள் போகிறது.

மூத்த பொறியாளர் அந்த வளைவைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார். "தாள்ல ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனா தரையில 63 மீட்டர். தாளே சுருங்கியிருக்கும். எதை நம்பிக் கோடு போடுறீங்க?" அவர் சொன்னதில் தப்பே இல்லை. சமவெளியில் கான்டூரும் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) கைகொடுக்காது. 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், வெள்ளத்துக்கு முக்கியமான ஒன்றிரண்டு மீட்டர் பள்ளம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் காணாமலே போய்விடும்.

கோடு வேண்டாம் சார், அகலமான பட்டையாகப் போடுகிறேன் என்றேன். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் பழைய தடங்களை ஹெரால்ட் ஃபிஸ்க் என்ற புவியியலாளர் 1944-லேயே நிறம் நிறமாக வரைந்திருக்கிறார், தெரிந்ததை மறைப்பது எப்படிச் சரியாகும்? ஆறு விட்டுப்போன தடம் தாழ்ந்து கிடக்கும், களிமண் அடைத்திருக்கும், வந்த தண்ணீர் சீக்கிரம் வடியாது. சரி என்றார், "தகவலுக்கு மட்டும்" என்ற குறிப்போடு.

அப்புறம் படத்தைப் பார்க்க வந்த ஒருவர் பட்டையின் விளிம்பில் விரலை வைத்து, "என் வீடு இதுக்கு உள்ளயா, வெளியயா?" என்று கேட்டார். இந்த அளவுப் படத்தில் அதைச் சொல்ல முடியாதுங்க என்றேன்.

"அப்போ எதுக்கு வரைஞ்சீங்க?"

நான் சொன்னது உண்மை. ஆனால் அவர் வீட்டை விற்கப் போனால் வாங்க வருகிறவர் பட்டையைத்தான் பார்ப்பார், குறிப்பைப் படிக்க மாட்டார். எடுத்திருந்தால் அவருக்கு நிம்மதி, வெள்ளம் வரும் வரைக்கும். வராமலே போகலாம் என்பதும் உண்டு, அங்கேதான் என் நியாயம் எனக்கே ஆட்டம் காண்கிறது.

லெவல் எடுத்தால், அதாவது தரையின் உயரத்தை நேரில் அளந்தால், தீர்ந்தது என்கிறார் பொறியாளர். எடுக்கத்தான் வேண்டும், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் பலர் மண்ணடித்து மேடாக்கித்தான் கட்டியிருக்கிறார்கள். லெவல் அந்த மேட்டின் உயரத்தைச் சொல்லும், அடியில் களி கிடக்கிறதா என்று சொல்லாது. அதற்குத் துளை போட்டு மண் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலை இந்தத் திட்டத்தில் இல்லை.