தூக்குவாளியில் வந்த அட்டெண்டர்

108 ஆம்புலன்ஸில் சேர்ந்தபோது வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார்கள். மூச்சு நின்றவருக்குக் காற்றை அமுக்கி உள்ளே அனுப்பும் ஆம்பு பேக்கை எப்படிப் பிடிப்பது, கழுத்தில் அடிபட்டவருக்கு எப்படிக் காலர் மாட்டுவது, பனிக்குடம் உடைந்துவிட்டால் ஓரமாக வண்டியை நிறுத்தி எப்படிப் பிரசவம் பார்ப்பது, எல்லாம் உண்டு. ஒரு பாடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். பேஷண்டோடு ஏறும் அட்டெண்டரை என்ன செய்வது?

பயிற்சி நாட்கள் ஜாலியாகத்தான் போயின. நெஞ்சை அழுத்திப் பழக ஒரு பொம்மை இருக்கும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆழம் குறைந்தது 5 செ.மீ., 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. சரியான ஆழம் போனால் பொம்மை ‘டொக்’ என்று சத்தம் கொடுக்கும். எங்களில் பாதிப் பேருக்குக் கொஞ்ச நேரத்திலேயே கை சோர்ந்து வேகம் தப்பிவிடும். ஒருத்தன் மட்டும் கடைசிவரை இம்மி பிசகவில்லை. விசாரித்தால் அவன் அப்பா தவில்காரர், கும்பகோணம் பக்கம். மாஸ்டர் அவனைப் பொம்மை தலைமாட்டில் உட்கார வைத்து, தொடையில் தட்டச் சொல்லிவிட்டார். அந்தத் தட்டுக்குத்தான் நாங்கள் எல்லாரும் அழுத்தினோம். கல்யாண மண்டபத்தைக் கடக்கும்போது உள்ளே தவில் கேட்டால் இன்றைக்கும் என் இரண்டு கையும் தானாகக் கோத்துக்கொள்ளும்.

ஆளை முதுகு அசையாமல் கிடத்தும் பலகையான ஸ்பைன் போர்டில் கட்டி மாடிப்படி இறக்கும் பயிற்சிக்கு, செட்டிலேயே கனமானவனைப் பேஷண்டாகப் போட்டார்கள். நாங்கள் மூச்சுவாங்கிக்கொண்டு முதல் திருப்பத்துக்கு வருவதற்குள் அவன் குறட்டை விட்டான். மாஸ்டர் அதையும் வீணாக்கவில்லை. படியிலேயே நிறுத்தி, ஆள் நினைவோடு இருக்கிறானா, கூப்பிட்டால் கண் திறக்கிறானா, வலிக்குத்தான் திறக்கிறானா, எதற்குமே இல்லையா என்று அவனை வைத்தே பாடம் எடுத்தார். வலிக்குத்தான் திறந்தான்.

இந்தப் பெருமையோடு மன்னார்குடி பக்கம் டூட்டிக்கு வந்தேன். எங்கள் வண்டி பைலட் (டிரைவரை அப்படித்தான் சொல்வோம்) அண்ணன், 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆரம்பித்த காலத்து ஆள். அதனால் எந்தக் கேஸையும் அவர் முன்பே பார்த்திருப்பார், அல்லது பார்த்ததாகச் சொல்வார். போனில் வரும் மேப்பை நம்பமாட்டார். அது ஒருமுறை பாமணியாற்றுக்குள் நேராக இறங்கச் சொன்னதிலிருந்து அதன்மேல் அவருக்குத் தீராத கோபம். சென்னை கண்ட்ரோல் ரூமிலிருந்து கேஸ் வந்ததும், கூப்பிட்டவர் நம்பருக்கு நான் போன் போடுவேன். “எங்க வரணும்ங்க?” என்றால், “நேரா வாங்க, நம்ம டீக்கடை வரும்” என்பார்கள். எங்கிருந்து நேராக என்று கேட்டால் கோபம் வரும். அண்ணன் போனை வாங்கி, “கடைக்காரர் யார் மவன்?” என்று மட்டும் கேட்பார். வண்டி சரியாகப் போய் நிற்கும்.

போய் நின்றால் பேஷண்ட் ஒருத்தர், ஏறத் தயாராக ஏழு பேர். ஒருத்தர் போதும் என்றால், “அப்ப யாரு போறது?” என்று அங்கேயே பஞ்சாயத்து ஆரம்பிக்கும். பெரிய மருமகள் ஏறினால் சின்ன மருமகள் முகம் சுருங்கும். தலையணை, பாய், வெந்நீர் பிளாஸ்க், கஞ்சி வாளி எல்லாம் முதலில் ஏறிவிடும். பேஷண்டைத்தான் கடைசியில் ஏற்றுவோம். ஒரு பெரியவர், “தம்பி, முக்குல மட்டும் கொஞ்சம் சைரனைச் சத்தமா வைங்க, பங்காளி வீடு இருக்கு” என்றார். பேஷண்டே அவர்தான்.

ஒரு பாட்டிக்கு, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன். “என்னய்யா காட்டுது?” என்றது. தொண்ணூத்தேழு பாட்டி, நல்லா இருக்கு என்றேன். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரனை ஒரு பார்வை பார்த்து, “நூத்துக்குத் தொண்ணூத்தேழு. நீ எதுலயாவது வாங்கியிருக்கியாடா?” என்று கேட்டது. பையன் ஆஸ்பத்திரி வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

இதெல்லாம் சும்மா. தூக்குவாளி விஷயத்துக்கு வருகிறேன்.

ஐப்பசி அடைமழை. ராத்திரிச் சோறு பிரிக்கிற நேரத்தில் கேஸ் வந்தது. (எங்கள் வண்டியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால்தான் போன் அடிக்கும். இதை யாரும் ஆராய்ச்சி செய்ததில்லை, ஆனால் பசியான ஆட்கள் எல்லாருக்கும் தெரியும்.) வயலில் தண்ணீர் வடியட்டும் என்று வரப்பை வெட்டிவிடப் போனவரைப் பாம்பு கடித்திருக்கிறது. வெறுங்கால், கையில் டார்ச் கிடையாது.

போனபோது அவரைத் திண்ணையில் உட்கார வைத்து வேப்பிலை மெல்லக் கொடுத்திருந்தார்கள். சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே கேள்வி: “கசக்குதா?” அவர் முகத்தைச் சுளித்து, “கசக்குது” என்றார். “அப்ப விஷம் ஏறல. வண்டியைத் திருப்பி அனுப்பிடலாம்” என்று ஒருத்தர் தீர்ப்பே சொல்லிவிட்டார். கணுக்கால் வீங்கிக்கொண்டு வந்தது. முழங்காலுக்குக் கீழே துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அப்படிக் கட்டவே கூடாது. ஆனால் கட்டிவிட்டால் வண்டியில் சட்டென்று அவிழ்ப்பதும் ஆபத்து, டாக்டர் முன்னால்தான் அவிழ்க்கணும். காலை ஆடாமல் அசையாமல் வைத்து, எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் ஸ்ப்ளின்ட் கட்டினேன். வீக்கம் நிற்கிற இடத்தில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதினேன். “கால்ல என்னமோ எழுதுறாரு, மந்திரமாத்தான் இருக்கும்” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

கூட ஏறியது அவருடைய மச்சினன். கையில் எவர்சில்வர் தூக்குவாளி, மூடியோடு சேர்த்துத் துண்டு சுற்றியிருந்தது. “வாளியில என்னங்க?” என்றேன். “கஞ்சி” என்றார். கஞ்சி வாளி ஏறாத கேஸே கிடையாது என்பதால் அதோடு விட்டேன்.

மருந்து ஏற்ற நரம்பில் ஊசி லைன் போட்டு, பிபி பார்த்து, சென்னையில் இருக்கும் எங்கள் டாக்டரிடம் போனில் விவரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேஷண்டுக்கு ஈறில் லேசாக ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி, “மாப்ள, பாம்பை எடுத்துக்கிட்டியா?” என்றார்.

“எடுத்துட்டேன் மாமா. தம்பி கால்கிட்டதான் இருக்கு.”

அந்தத் தம்பி நான்தான்.

“என்னங்க, கஞ்சின்னீங்க?” என்றேன். “பாம்புன்னா ஏத்த மாட்டீங்கல்ல?” என்றார். நியாயமான பதில். “செத்துப்போச்சுப்பா, மம்முட்டியால ஒரு போடு போட்டேன்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மூடியில் உள்ளேயிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம்.

நான் கால் இரண்டையும் சீட்டுக்கு மேல் தூக்கிக்கொண்டு, முன்பக்கக் கண்ணாடியைத் தட்டினேன். “அண்ணே, வண்டியில பாம்பு!”

“கேஸே பாம்புதானேப்பா” என்றார் அண்ணன், திரும்பாமல்.

“இல்லண்ணே, பாம்பும் வருது.”

அண்ணன் பார்க்காத கேஸ் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, வண்டிதான் பேசியது. ஈறில் ரத்தம் வரும் ஆளை வைத்துக்கொண்டு நடுவழியில் நிறுத்தி வாளியோடு வாதாட நேரமில்லை. வகுப்பில் கற்ற வித்தை முழுவதையும் அந்தத் தூக்குவாளிமேல் இறக்கினேன். மூடிக்கு மேல் ரோலர் பேண்டேஜ் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, ஸ்ட்ரெச்சர் பெல்ட்டால் சீட்டின் காலோடு கட்டினேன். அவ்வளவு நேர்த்தியாக எந்தப் பேஷண்டுக்கும் நான் கட்டியதில்லை.

காஷுவாலிட்டியில் மச்சினன் வாளியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். டாக்டர் சின்ன வயசுப் பெண். “அங்கயே நில்லுங்க! பாம்பு எனக்கு வேணாம், ரத்தம்தான் வேணும்” என்றார். காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் வேலை, உடனே விஷமுறிவு மருந்து. அந்த மருந்துக்கு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலுக்கும் சேர்த்து ஒரே குப்பிதான். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் 1978-லிருந்து இருக்கிறார்கள். அவர்கள் பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துக் கொடுப்பதால்தான் அந்தக் குப்பி நமக்குக் கிடைக்கிறது. இதை எல்லாம் நான் விளக்க விளக்க மச்சினனுக்கு வருத்தம். “அப்ப இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தது?” என்றார்.

குழாயில் ரத்தம் உறையவில்லை. மருந்து ஏற ஆரம்பித்தது. அவரை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம். பாதி தூரம் வந்திருப்போம், சென்னையிலிருந்து போன்.

“வண்டி ஃப்ரீயா சார்?”

அண்ணன் உள் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சீட்டுக்கு அடியில் என் பேண்டேஜோடு தூக்குவாளி. டாக்டர் விரட்டியதும் மனுஷன் மறுபடி வண்டியிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“ஃப்ரீ இல்ல மேடம்” என்றேன்.

“பேஷண்ட் இறங்கியாச்சுன்னு காட்டுதே. வண்டியில யார் இருக்காங்க?”

“அட்டெண்டர் மேடம்.”

“அட்டெண்டர் மட்டுமா?”

உண்மையைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் பக்கத்து சீட்டுக்காரரிடம் அந்த அம்மா சொல்லிச் சிரிப்பது கேட்டது. கேஸ் வேறு வண்டிக்குப் போனது. நாங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு விட்டோம்.

அங்கே இருந்தவர் பேண்டேஜைப் பார்த்து, “இதுக்கு என்ன, எலும்பு முறிவா?” என்று கேட்டுக்கொண்டே கத்திரியால் வெட்டினார். நானும் அண்ணனும் எதற்கும் இருக்கட்டும் என்று அவர்கள் வண்டி மேலேயே ஏறி நின்றுகொண்டோம். மூடியைக் குச்சியால் தள்ளி டார்ச் அடித்தவர், கையை விட்டு அப்படியே பிடித்துத் தூக்கினார். “தண்ணிப்பாம்புங்க. விஷமே கிடையாது.”

கடித்தது விரியன், வாளியில் வந்தது தண்ணீர்ப்பாம்பு. இருட்டில் அந்தப் பக்கமாகப் போன ஏதோ ஒரு அப்பாவி, ஒரு போடும் வாங்கி, பேண்டேஜும் வாங்கி, சைரனோடு டவுன் வரை வந்திருக்கிறது.

காலை எட்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் ஆள் ஸ்டாக் எண்ணினார். “ரோலர் பேண்டேஜ் குறையுதே, பேஷண்டுக்கு எங்க அடி?” என்றார். வாளியில் என்றேன். நம்பவில்லை. அண்ணன் சாட்சி சொன்ன பிறகும் நம்பவில்லை.

வீட்டுக்குப் போய்ப் படுத்தவுடன் போன். மச்சினன். “தம்பி, மாமா நல்லா இருக்காரு. ரத்தம் உறைய ஆரம்பிச்சிருச்சாம், டாக்டரம்மா சொன்னாங்க.” சந்தோஷம் என்றேன். “அந்தப் பாம்பு?”

“அது தண்ணிப்பாம்புங்க. கடிச்சது வேற.”

கொஞ்சம் யோசித்தார். “அப்ப கடிச்சது இன்னும் வயல்லயேதான் இருக்கா?”

“இருக்கும்ங்க.”

“அது கெடக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம். வாளி எங்க தம்பி? பால் வாங்குற வாளி, அக்கா விடியற்காலையிலேர்ந்து உசிரை வாங்குது.”