தொடக்க நவீனகால ஸ்பெயின்: பணத்தையும் திருச்சபையையும் சேர்த்துப் படிக்கும் முறை

16, 17-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் என்றால் விடைத்தாளில் வழக்கமாக வருவது மூன்று வரி: அமெரிக்க வெள்ளி வந்தது, விலைவாசி ஏறியது, அரசு திவாலானது. மூன்றும் பொய்யல்ல. ஆனால் திவாலுக்குப் பிறகு கடன் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது, கன்னியர் மடத்துக்கு இதில் என்ன வேலை என்று அடுத்த கேள்வி வந்தால் பேனா நின்றுவிடும். இந்தப் பாடத்தைப் போர்களிலிருந்து தொடங்காமல் ஒரு கடன் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அன்று 'ஸ்பெயின்' என்று ஒரே கஜானா கிடையாது; ஒரே அரசனின் கீழ்த் தனித்தனி அரசுகள் இருந்தன. காஸ்தீலுக்கு ஒரு வரிமுறை; அரகோன், கட்டலோனியா, வலென்சியா ஒவ்வொன்றுக்கும் தனி நாடாளுமன்றம், தனி நாணயம், தனிச் சட்டம். அரகோனும் வலென்சியாவும் 1707-லும் கட்டலோனியா 1716-லும்தான் அந்தத் தனியுரிமைகளை இழந்தன. காஸ்தீலின் வரி விவரத்தை எழுதிவிட்டு 'ஸ்பானியர் செலுத்தினர்' என்று முடிப்பதுதான் மிக அதிகமாக நடக்கும் பிழை.

பண அலகுகளை மனப்பாடம் செய்யாமல் தப்ப முடியாது. காஸ்தீலில் கணக்கு எழுதப்படுவது மரவெதியில். 34 மரவெதி ஒரு ரெயால். இது 1497-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் கணக்கு. 375 மரவெதி ஒரு துகாதோ. எட்டு ரெயால் வெள்ளிக் காசு என்றால் 272 மரவெதி. பத்து லட்சம் மரவெதிக்குக் 'குவெந்தோ' என்று பெயர். எஸ்குதோ என்ற தங்கக் காசைத் துகாதோவுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்: எஸ்குதோவின் மதிப்பு 350-இல் தொடங்கி 1566-இல் 400, 1609-இல் 440 மரவெதி என்று ஏறியது. துகாதோவோ காசாகப் புழங்குவது நின்ற பிறகும் 375 என்ற கணக்கு அலகாகவே நிலைத்தது. அரகோன் பக்கம் போனால் லிப்ரா, சுவெல்தோ, தினேரோ: 12 தினேரோ ஒரு சுவெல்தோ, 20 சுவெல்தோ ஒரு லிப்ரா. பெயர் ஒன்றானாலும் பார்சலோனா லிப்ராவும் வலென்சியா லிப்ராவும் ஒரே மதிப்பல்ல. மாற்றாமல் கூட்டினால் அட்டவணை முழுதும் வீண்.

17-ஆம் நூற்றாண்டில் இன்னொரு பொறி இருக்கிறது. வெய்யோன் என்ற செப்புக் காசை அரசு இஷ்டத்துக்கு முத்திரை மாற்றியது. 1603-இல் 2 மரவெதிக் காசு 4 ஆனது. 1628-இல் செப்புக் காசின் முகமதிப்பு பாதியாக வெட்டப்பட்டது. செப்பைக் கொடுத்து வெள்ளி வாங்க விரும்பியவர் மேல்தொகை கட்ட வேண்டியிருந்தது. ஆகவே பத்திரத்தில் துகாதோ என்று பார்த்தால் போதாது, 'வெள்ளியில்' என்றிருக்கிறதா 'வெய்யோனில்' என்றிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் செப்புக் கூத்தை 1609-இல் கண்டித்து எழுதிய இயேசு சபைக் குரு மரியானா சிறைவைக்கப்பட்டார். அதற்கும் முன்னதாக, 1556-இல், பணம் அரிதான இடத்தில் அதன் மதிப்பு கூடும் என்று எழுதிய அஸ்பில்குவேத்தாவும் ஒரு குருதான். பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் குருக்களுக்கான கையேட்டோடு சேர்த்து அதை எழுதினார். வணிகர் செய்யும் எந்த உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) மாற்று பாவம், எது பாவமல்ல என்ற கேள்வியிலிருந்துதான் அந்தப் பொருளியல் சிந்தனை பிறக்கிறது.

அடுத்து சென்சோ. இங்கே நேரம் செலவழியுங்கள். வட்டிக்குக் கடன் கொடுப்பது பாவம் என்று திருச்சபை சொன்னது. அதே திருச்சபைதான் பெரிய கடன் கொடுப்போரில் ஒன்று. எப்படி? நிலமோ வீடோ வைத்திருப்பவர் அதன் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை பெறும் உரிமையை மடத்துக்கு 'விற்கிறார்'. மடம் கொடுப்பது கடனல்ல, விலை. சொத்து அவர் கையிலேயே இருக்கும், ஆகவே இது நம் ஊர் ஒத்தி அல்ல. விற்றவர் விரும்பும்போது அசலைத் திருப்பிக் கொடுத்து மீளலாம். மடம் அசலைத் திருப்பிக் கேட்க முடியாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் பத்திரத்தை வட்டிக்கடனிலிருந்து பிரிக்கிறது. விடையில் இதைச் சொல்லாமல் 'மறைமுக வட்டி' என்று எழுதினால் பாதி மதிப்பெண் போகும். (சென்சோ என்ற சொல்லுக்கே குடிக்கணக்கு என்றும் பொருள் உண்டு; 1591-ஆம் ஆண்டு சென்சோ என்று வந்தால் அது வரிக்கான குடும்பக் கணக்கு.)

விகிதம் சதவீதத்தில் எழுதப்படாது. 'ஆயிரத்துக்கு இருபதாயிரம்' என்றிருக்கும்: 20,000 கொடுத்தால் ஆண்டுக்கு 1,000, அதாவது 5 சதவீதம். 'ஆயிரத்துக்குப் பதினாலாயிரம்' என்றால் 7.14. எண் பெரிதானால் வட்டி குறைவு. இதைத் தலைகீழாக வாசிப்பவர்கள் ஏராளம். காஸ்தீலில் சட்ட உச்சவரம்பு 1563-இல் 14,000, 1608-இல் 20,000, 1705-இல் 3 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் தன் ஆன்மாவுக்காகத் திருப்பலி நிறைவேற்ற 1,000 துகாதோ எழுதிவைக்கிறார். அது 3,75,000 மரவெதி. 5 சதவீதத்தில் ஆண்டு வருமானம் 18,750 மரவெதி, அதாவது 551 ரெயாலும் 16 மரவெதியும். ஒரு திருப்பலிக்கு 2 ரெயால் என்று வைத்துக்கொண்டால் 275 திருப்பலிகள். 3 சதவீதத்தில் 11,250 மரவெதி, 165 திருப்பலிகள். உத்தரிக்கும் ஸ்தலத்தில் (இறந்தபின் தூய்மையடையக் காத்திருக்கும் நிலையில்) இருக்கும் ஆன்மாவுக்கு வட்டிவிகிதச் சட்டம் என்ன செய்தது என்பது இந்த ஒரு கணக்கில் தெரிந்துவிடும்.

ஹூரோ என்பது இதே அமைப்பில் அரசு விற்ற ஆண்டுத்தொகை. அசியெந்தோ என்பது ஜெனோவா வங்கியாளர் போன்றோரிடம் வாங்கிய குறுகியகாலக் கடன். 1557, 1575, 1596, 1607, 1627 ஆகிய 'திவால்'களில் நடந்தது பெரும்பாலும் அசியெந்தோவை ஹூரோவாக மாற்றியதுதான். ஒவ்வொரு ஹூரோவும் ஒரு குறிப்பிட்ட ஊரின் குறிப்பிட்ட வரியின்மேல் நிற்கும். பழைய பத்திரத்துக்கு முதலில் பணம், மீதி இருந்தால் புதியதற்கு. ஆகவே முகமதிப்பை மட்டும் வைத்து ஒரு மடத்தின் செல்வத்தை அளக்கக் கூடாது.

திருச்சபைக்குச் செலுத்தும் தசமபாகம் மொத்த விளைச்சலில் பத்தில் ஒன்று. விதைநெல் கழிப்பதுபோல விதைக் கோதுமையைக் கழித்துவிட்டு அல்ல. காஸ்தீலில் பொதுவான பங்கீட்டின்படி அதில் ஒன்பதில் இரண்டு பங்கு அரசனுக்கு: 900 பனேகா (தானிய அளவை) கோதுமை சேர்ந்தால் 200 அரண்மனைக்கு. மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் பங்கீடு மாறும். விளைச்சலை அறிய இந்தக் கணக்கேடுகள் அருமையானவை. ஆனால் தசமபாக வசூலைக் குத்தகைக்கு விட்ட ஆண்டுகளில் ஏட்டில் இருப்பது குத்தகைதாரரின் எதிர்பார்ப்பு, விளைச்சல் அல்ல.

இதற்குமேல் திருத்தந்தை அரசனுக்கு அளித்த 'மூன்று அருள்கள்'. போர்க்கப்பல்களுக்காகக் குருக்கள் செலுத்திய சுப்சிதியோ, ஆண்டுக்கு 4,20,000 துகாதோ. ஒவ்வொரு பங்குத்தளத்திலும் (ஒரு கோவிலின் ஆளுகைப் பகுதி) பெரிய பண்ணையின் தசமபாகத்தை அரசனுக்குத் தந்த எஸ்குசாதோ, பின்னர் 2,50,000 துகாதோ மொத்தத் தொகையாக மாறியது. மூன்றாவது, மக்கள் விலைக்கு வாங்கிய குருசாதா ஆணைச்சீட்டு: சாமானியருக்கு 2 ரெயால், பாவத் தண்டனை குறையும் பலனோடு தவக்காலத்தில் முட்டை, பால் சாப்பிட அனுமதியும் உண்டு. 'திருச்சபை வரி கட்டவில்லை' என்ற வாக்கியம் இங்கே உடைகிறது. 1590-இல் வந்த மியோனெஸ் வரி, ஆறு ஆண்டுக்கு 80 லட்சம் துகாதோ, குருக்களையும் இதால்கோக்களையும் (சிறு பிரபுக்கள்) கூட விடவில்லை.

எல்லாம் சேர்ந்து வரும் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமானால் வலென்சியாவைக் கையாளுங்கள். 1609-இல் மொரிஸ்கோக்கள் (கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம் வழியினர்) வெளியேற்றப்பட்டபோது அந்த அரசின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அவர்களின் குத்தகையை நம்பிச் சென்சோ விற்றிருந்த நிலப்பிரபுக்களால் கட்ட முடியவில்லை. வாங்கியிருந்தவர்கள் யார்? மடங்கள், விதவைகள், நகரத்தார். நகர வங்கி 1613-இல் நொடித்தது. 1614-இல் அரசு சென்சோ விகிதத்தை 5 சதவீதமாகக் குறைத்துப் பிரபுக்களைக் காப்பாற்றியது. மதக்கொள்கை, நிலம், கடன், மடத்தின் சாப்பாடு எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது இதில் கண்ணுக்குத் தெரியும்.

மூல ஆவணம் பார்க்க விரும்பினால் பாரெஸ் என்ற ஸ்பானிய அரசு ஆவணத் தளம் இலவசம். 18-ஆம் நூற்றாண்டின் என்செனாதா கணக்கெடுப்பில் ஒவ்வொரு ஊரும் 40 கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள் அங்கே உண்டு. எழுத்து ஓரளவு தெளிவானது, தொடக்கப் பயிற்சிக்கு அதுவே போதும். 16-ஆம் நூற்றாண்டு நோட்டரி எழுத்துக்கு உடனே தாவ வேண்டாம். அங்கே எண்கள் சிறிய ரோமானிய எழுத்தில் வரும், ஆயிரத்துக்கு 'யூ' போன்ற ஒரு குறி இருக்கும். அதைக் காணாமல் விட்டால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, ஐந்நூற்றுப் பன்னிரண்டாகிவிடும்.