பொனட்ட தொடாதீங்க, பின்னாலேர்ந்து வாங்க

அப்பாவோட புரோட்டோன் சாகா காரு இன்னும் எங்க வீட்டு போர்ச்சுல தான் நிக்குது, 1.3 எஞ்சின், 1987 ல எடுத்தது. சாகா மொத மொத ரோட்டுக்கு வந்தது 1985 ல, பினாங்கு பாலம் தொறந்ததும் அதே வருஷம், அதனால அப்பாவுக்கு ரெண்டும் கூடப் பொறந்ததுங்க மாதிரி, பாலத்துல ஏறுனா இத சொல்லாம அந்தப் பக்கம் எறங்க மாட்டாரு.

இந்த வருஷம் காடிக்கு முழுசா சாயம் அடிச்சிடலாம்னு எறங்குனேன். பட்டர்வொர்த்ல கடல் காத்து வேற, வலது பக்க பெண்டர், அதான் முன் சக்கரத்துக்கு மேல இருக்கற தகரம், அது அடியில விரல வச்சி அழுத்துனா உள்ள போற அளவுக்கு துரு. புதுசா ஒரு பெண்டர் வாங்குனேன், ஒரி இல்ல, ஒரிஜினல் கெடையாது, வெல கம்மின்னு வாங்குனது. போல்ட் ஓட்டை ரெண்டு எடத்துல தள்ளி நிக்குது, தகரமும் லேசு. அத ஓரமா வச்சிட்டு, பழைய காடிய பிரிச்சி சாமான் விக்கற பொத்தோங் கடைல பழைய ஒரி பெண்டர் ஒண்ணு தேடிப்புடிச்சி மாட்டுனேன், அது சொன்ன மாதிரி போய் உக்காந்துச்சு. அதுல பட்ட காச நெனச்சா இன்னும் வயிறு எரியுது, விடுங்க.

உக்காந்துச்சு, ஆனா பொனட் இடுக்கு எடது பக்கம் ஒரு அளவு வலது பக்கம் ஒரு அளவு. கண்ணுக்கு மொதல்ல தெரியறது அது தானே, அதனால பொனட் கீல லூஸ் பண்ணி தள்ள ஆரம்பிச்சேன். மூணு சனிக்கெழமை போச்சு. பொனட் சரியா வந்தா பெண்டருக்கும் டிரைவர் கதவுக்கும் நடுவுல கீழ ஏடிஎம் கார்டு கூட நுழையல, மேல சுண்டு விரலே போகுது, சரின்னு பெண்டர தள்ளுனா மறுபடி பொனட் கோணிக்குது, கடைசியா ஒரு நாள் ஸ்பேனர தூக்கிப் போட்டுட்டு மாமாக் கடைக்கு போய் தே தாரிக் குடிச்சிட்டு உக்காந்துட்டேன்.

பக்கத்து ஊரு பிறைல ஒரு அண்ணே இருக்காரு, நாப்பது வருஷமா நாக்கிங் வேல, நசுங்குன காடி தகரத்த தட்டி நிமித்தறது. அவருகிட்ட கொண்டு போனேன். மனுஷன் பொனட் பக்கம் திரும்பியே பாக்கல. டிரைவர் கதவ பாதி தொறந்து, கடைசி ஓரத்துல அடியில ரெண்டு கையும் குடுத்து மேல தூக்குனாரு. "டொக்"குன்னு ஒரு சத்தம், கதவு மட்டும் நல்லா மேல வந்துச்சு, கீலு அசையாம அங்கேயே நிக்குது.

"பொனட்டுக்கு என்னா தம்பி கொறச்சல்? கதவு தொங்குது. தொங்குற கதவுக்கு பெண்டர ஒட்ட வச்சா பெண்டர் கோணும், கோணுன பெண்டருக்கு பொனட்ட வச்சா?"

கீல் பின்னு தேஞ்சு போச்சு. ஏன் அந்த ஒரு கதவு மட்டும்னு கேட்டாரு, எனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சு. அப்பாவுக்கு முட்டி வலி, எறங்கறப்ப கதவு மேல முழு பாரத்தையும் குடுத்து தான் எந்திரிப்பாரு, எத்தன வருஷமா.

அவரு சொல்லிக் குடுத்தது என்னான்னா, காடில அசைக்கவே முடியாத பேனல் எதுன்னு பாரு, அங்கேர்ந்து ஆரம்பி. பின் சக்கரத்துக்கு மேல இருக்கற குவாட்டர் பேனல் பாடியோட வெல்ட் பண்ணது, அது எங்கயும் போகாது. அதுக்கு பின் கதவ வை, பின் கதவுக்கு முன் கதவ வை, அதுக்கப்பறம் தான் பெண்டர், பொனட், கிரில், பம்பர், லைட்டு எல்லாம். நான் பண்ணது அப்படியே தலைகீழ். இதுக்கெல்லாம் முன்னாடி சில்ல, அதான் கதவுக்கு அடியில நீளமா ஓடற பாடி தகரத்த, தட்டிப் பாத்தாரு, காந்தமும் வச்சாரு, அடியில சில்லு உளுத்திருந்தா பாடியே நடுவுல எறங்கிடும், அப்பறம் கீல எவ்வளவு முறுக்குனாலும் வீண். நம்மளது தப்பிச்சிச்சு. இன்னொண்ணு, காடி நாலு டயர்ல சமமான தரையில நிக்கணும், ஜெக்ல தூக்கி வச்சிட்டு இந்த வேல பாக்கக் கூடாதாம், பாடி லேசா முறுக்கிக்கும். எங்க போர்ச்சோ தண்ணி ஓடறதுக்கு லோங்காங், அதான் சாக்கட, பக்கமா சரிவு.

பின்னு மாத்துனதும் பாதி பிரச்சன முடிஞ்சிச்சு. மிச்சத்துக்கு பூட்டு மாட்டிக்கற ஸ்ட்ரைக்கர மொதல்ல கழட்டி வச்சிட்டாரு, அது இருந்தா கதவ இழுத்து தன் எடத்துக்கு கொண்டு போயிடும், கதவு நெசமா எங்க நிக்குதுன்னு தெரியாது. கீல சுத்தி பென்சில்ல கோடு போட்டுக்கிட்டாரு, ஆரம்பிச்ச எடம் தெரியணும்ல. பாடி பக்கம் இருக்கற போல்ட்ட லூஸ் பண்ணா கதவு மேல கீழ, முன்ன பின்ன நகரும், கதவு பக்கம் இருக்கறத லூஸ் பண்ணா உள்ள வெளிய. எல்லாத்தையும் ஒரே நேரத்துல லூஸ் பண்ணிட்டா நம்ம கதை முடிஞ்சிச்சு லா.

இடுக்கு அளக்க அவருகிட்ட பெரிய சாமான் ஒண்ணும் இல்ல, காலாவதியான பேங்க் கார்டு ஆறு, ரப்பர் பேண்டு போட்டு கட்டி வச்சிருக்காரு. ஒரு கார்டு முக்கா மில்லிமீட்டர் சொச்சம், ஆறு சேத்தா நாலரை. மேலேர்ந்து கீழ வரைக்கும் அது ஒரே மாதிரி வழுக்கிட்டு எறங்கணும். அஞ்சு கார்டு எறங்குற எடத்த அப்படியே விட்டா, பிரைமரும் சாயமும் ரெண்டு ஓரத்துலயும் ஏறி இன்னும் சுருங்கிடும், அதனால சாயத்துக்கு முன்னாடியே எல்லாத்தையும் மாட்டிப் பாத்துடணும்.

சாகாங்கறதே நம்ம மஞ்சாடி தான், தங்கம் நிறுக்க அந்தக் காலத்துல வச்ச அதே செவப்பு வெத. அந்தப் பேர வச்ச காடிக்கு இந்த அளவு நுணுக்கம் தேவ தான் போல.

கடைசியா பண்ணது தான் எனக்கு நெஞ்சு பதறிடுச்சு. கதவோட கீழ் முன மட்டும் வெளிய துருத்திட்டு நின்னுச்சு, மேல சரியா இருக்கு. மேல் மூலைல ஒரு மரக்கட்டைய துணி சுத்தி இடுக்குல வச்சிட்டு, கீழ முட்டிய குடுத்து ஒரே அமுக்கு. கதவு முறுக்கிக்கிட்ட சத்தம் கேட்டுச்சு. கட்டைய எடுத்துட்டு சாத்துனாரு, டியூப் லைட்டோட நெழலு பெண்டர்லேர்ந்து பின் கதவு வரைக்கும் ஒடையாம ஒரே கோடா ஓடுது. அதுக்கப்பறம் பொனட்டுக்கு ஆனது இருவது நிமிஷம். நெசமா, இருவதே நிமிஷம்.

வீட்டுக்கு வந்து அப்பாவ உள்ள உக்கார வச்சேன். கதவு சாத்துற சத்தமே மாறிடுச்சுன்னு ரெண்டு மூணு தரம் தொறந்து தொறந்து சாத்துனாரு. எறங்கறப்ப பழக்க தோஷத்துல கை நேரா கதவு மேல போச்சு.

"அப்பா, கதவ புடிக்காதீங்க!"

"அப்பறம் எத புடிச்சி எந்திரிக்கிறது?"

இப்ப நான் கூட இருந்தா சுத்தி வந்து கைய குடுக்கறேன். இல்லாத நேரத்துல என்னா பண்றாருன்னு தெரியல, அண்ணே மாதிரியே நானும் ஆறு கார்டு கட்டி வச்சிருக்கேன், மாசம் ஒரு தரம் அவருக்கு தெரியாம அந்தக் கதவு இடுக்குல விட்டுப் பாக்கறேன். போன வாரம் கீழ கொஞ்சம் இறுக்கமா தான் இருந்துச்சு.