மாண்டேகிறிஸ்டோ பெட்டியில் ஒரு த்ரெஸ்: மூன்றாவது நட்டும் குப்பைக்கு

சுருட்டுப் பெட்டியில் நான் கட்டும் த்ரெஸுக்கு (கியூபாவின் கிதார் வகை) ஆறு தந்தியும் ஏற்றியாச்சு. வெறும் தந்தியை மீட்டினால் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) விரல் வைத்ததும் அதே ஆட்கள் எழுந்து கதவைச் சாத்துகிறார்கள். கோளாறு நட்டில்தான், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பள்ளத்தில் உட்காரும் எலும்புத் துண்டில். மூன்று நட் செய்தேன், மூன்றும் குப்பைக்குப் போய்விட்டன.

முதலில் பெட்டியைப் பற்றி, ஏனென்றால் பீற்றிக்கொள்ள என்னிடம் இப்போதைக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. மாண்டேகிறிஸ்டோ என்ற கியூபச் சுருட்டின் சி ரகம், 2003 எதிசியோன் லிமிதாதா (குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு), 25 சுருட்டு பிடிக்கும் பெட்டி. கப்பலில் வேலை பார்க்கும் நண்பன் காலியாகக் கொண்டுவந்து கொடுத்தான். நான் புகைப்பதில்லை. எனக்கு வேண்டியது மரமும் முத்திரையும். இந்த லிமிதாதா வரிசை 2000இல் தொடங்கியது. குறைந்தது இரண்டு வருஷம் பதப்படுத்திய கருத்த மேலிலை, சுருட்டின் வழக்கமான காகித வளையத்துக்குக் கீழே வருஷம் போட்ட கறுப்பு–தங்க வளையம் இன்னொன்று. பெட்டிக்குள் அந்த வளையம் ஒன்றே ஒன்று கிடந்தது. சவுண்ட் ஹோலுக்குள் தெரிகிற மாதிரி ஒட்டிவிட்டேன்.

அடியில் மாத முத்திரை ‘நவம்பர் 03’. கியூபப் பாடகர் கொம்பாய் செகுந்தோ ஹவானாவில் இறந்தது அதே வருஷம் ஜூலை 13. இருந்திருந்தால் அந்த நவம்பரில் 96 முடிந்திருக்கும். கிதார் வாசிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். எச். உப்மான் ஆலையில் அவர் பல வருஷம் சுருட்டு சுற்றியது பலருக்குத் தெரியாது. மாண்டேகிறிஸ்டோவும் அந்த ஆலையோடு வளர்ந்த பெயர்தான். பகலில் சுருட்டு, மற்ற நேரம் பாட்டு. உலகம் அவரைக் கண்டுகொண்டபோது வயது 90ஐ நெருங்கிவிட்டது. 2007இல் அவருடைய நூற்றாண்டுக்கு மாண்டேகிறிஸ்டோ அவர் பெயரிலேயே ஒரு ஹியுமிடார் (சுருட்டு காயாமல் வைக்கும் பேழை) வெளியிட்டது. அதன் விலையைப் பார்த்த பிறகுதான் காலிப் பெட்டியே போதும் என்று எனக்கு ஞானம் வந்தது.

காலிப் பெட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதற்கு முன் இணையத்தில் ஒருவரிடம் வாங்கி ஏமாந்தேன். அடிப்பக்கம் ‘ஹெச்சோ என் கூபா’ (கியூபாவில் செய்தது) என்று அழகாகத்தான் இருந்தது, ஆனால் மையில் அச்சடித்தது. அசல் பெட்டியில் அது சூடுபோட்ட முத்திரை. நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டும். அசல் காலிப் பெட்டிக்கும் போலிச் சுருட்டு அடைப்பவர்களிடம் கிராக்கி உண்டு. அதனால் பச்சை உத்தரவாதச் சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுத்தால் கோபப்படாதீர்கள், கொடுப்பவர் நல்லவர்.

சரி, நட்.

த்ரெஸ் என்றால் மூன்று. ஜி, சி, ஈ என்ற ஸ்வரங்களில் மூன்று ஜோடித் தந்தி. நடு ஜோடி ஒரே சுருதி, ஓரத்து இரண்டும் ஒரு கனமும் ஒரு மெலிசும், ஒரு ஸ்தாயி வித்தியாசத்தில். ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து மறுமுனைத் தாங்கி வரை தந்தியின் நீளம், 610 மி.மீ. ஃப்ரெட் கணக்குப்படி 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 34.24. ஃப்ரெட்டில் தப்பில்லை, பன்னிரண்டாவது அச்சாக 305இல் நிற்கிறது. ஏழாவதைத் தாண்டி வாசித்தால் சுருதி சேர்ந்துவிடுகிறது, நட் பக்கம் வர வர விலகுகிறது. அப்படியென்றால் குற்றவாளி நட் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் நாலு வாரம் ஆனது.

முதல் நட்டில் ஜோடித் தந்திகளுக்கு நடுவே இடைவெளியை மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தேன். தடித்த தந்தி மெலிசின் இடத்தையும் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று உரசியது. ஓரத்திலிருந்து ஓரம் அளக்க வேண்டும். இரண்டாவதில் விரலுக்குச் சமமாகப் படட்டும் என்று இரண்டு தந்தியின் மேல்மட்டத்தையும் ஒன்றாக வைத்தேன். ஈ ஜோடியில் கனத்த தந்தி 0.61 மி.மீ., மெலிசு 0.25. மேலே மட்டமானால் மெலிசின் அடி ஃப்ரெட்டிலிருந்து 0.36 கூடுதலாகத் தூக்கி நிற்கும். அதை அழுத்தி இறக்கும்போது இழுபட்டு சுருதி ஏறிவிடுகிறது. மூன்று நாள் ட்யூனரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம் அது.

மூன்றாவதில் அடிமட்டத்தை ஒன்றாக்கினேன். நட் ஃபைல் வாங்க மனசு வரவில்லை. வண்டி எஞ்சினில் டேப்பட் செட் பண்ணுகிற ஃபீலர் கேஜ் (பல தடிமனில் மெல்லிய தகடுகள்) ஒரு கட்டு வாங்கி, ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் முக்கோண அரத்தால் பல் வெட்டினேன். எந்தத் தந்திக்கு எந்தத் தகடு என்று அதன் மேலேயே எண் இருக்கிறது. ரம்பம் மாதிரி நாலு இழுப்பு, தந்தி ஏற்று, மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்து, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு தாள் நுழைகிறதா பார், இறக்கு, மறுபடி இரண்டு இழுப்பு. ராத்திரி பதினொன்றரைக்கு ‘இன்னும் ஒரே ஒரு இழுப்பு’ என்று நினைத்தேன் பாருங்கள், அதோடு முடிந்தது. மெலிசுத் தந்தி முதல் ஃப்ரெட்டில் வண்டு மாதிரி இரைந்தது. எலும்புத் தூளைப் பள்ளத்தில் நிரப்பி மேலே ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டேன். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் சுருதி கூட்டும்போது பட்டென்று சில்லாகத் தெறித்து மூக்குக் கண்ணாடியில் பட்டது.

பெட்டி மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஸ்பானிஷ் சிடார் என்று பெயர்தான், தேவதாருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வேப்பங்குடும்பம். நம்மூர் சந்தன வேம்பு அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. கழுத்துக்கு அதையே போடலாமே என்று மரக்கடையில் கேட்டேன். ‘சுருட்டுப் பெட்டியில் கிதாரா?’ என்று சிரித்துவிட்டு, பழைய ஜன்னல் சட்டத் தேக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு என்ன தெரியும், கியூபாவின் ரும்பா இசைக்காரர்கள் கருவாட்டுப் பெட்டியைத் தட்டித்தான் தாளம் போட்டார்கள்.

இது முடிவதற்குள் அடுத்ததற்கும் வரைபடம் போட்டாயிற்று. கொம்பாய் தானே உருவாக்கிய ஆர்மோனிகோ, கிதாருக்கும் த்ரெஸுக்கும் நடுவே ஏழு தந்தி, ஒன்று மட்டும் இரட்டை. ஒரே ஒரு ஜோடிதானே, நட் சுலபம் என்று மனசு சொல்கிறது. அதை நம்புவதாக இல்லை. 50 சுருட்டு கேபினட் பெட்டி, இழுத்து மூடும் பலகையோடு, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். சீட்டு கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

நாலாவது நட்டுக்காகக் கறிக்கடையில் கேட்டு வாங்கிய தொடையெலும்பை வேகவைத்து, கொழுப்பெடுத்து, அறுத்து மொட்டைமாடியில் காயப்போட்டிருக்கிறேன். மூன்று துண்டு போட்டேன். நேற்றுச் சாயங்காலம் காக்கா ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இரண்டின் மேல் சல்லடையைக் கவிழ்த்துச் செங்கல் வைத்திருக்கிறேன்.