அலுவலகம் பீனியாவில், வேலை ஓசூரில்: வாகனப்படி கேட்டு வாங்கிய கதை

என் அலுவலகம் பெங்களூரு பீனியா தொழிற்பேட்டையில் இருக்கிறது. உதிரிபாகங்களின் தரத்தைச் சோதிப்பது என் வேலை. நியமனக் கடிதத்தில் பணியிடம் என்று பீனியா முகவரிதான் போட்டிருக்கிறது. ஆனால் எங்களுக்குச் சரக்கு செய்து தருகிறவர்களில் பாதிப் பேர் நகரத்தின் மறுகோடியில் இருக்கிறார்கள்: பொம்மசந்திரா, ஜிகணி, எல்லையைத் தாண்டினால் ஓசூர் சிப்காட். ஒருவருடைய சரக்கில் தொடர்ந்து குறை வந்தால் நான் நேரில் போய் நின்றாக வேண்டும். வீடு அல்சூரில். போவது சொந்தக் காரில். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் பாதை பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. அளவுக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து பஸ் மாறி ஓசூர் போவது நடக்கிற காரியம் இல்லை.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் பிரிவில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர்கள் நிறையப் பேர். பைக்கில் ஜிகணிக்கும் ஓசூருக்கும் அலைந்துவிட்டு ஒரு ரூபாய்கூடக் கேட்காமல் இருக்கிறார்கள். "சம்பளம் கொடுக்கிறார்கள் அண்ணா, பெட்ரோலுக்கும் போய்க் கேட்டால் என்ன நினைப்பார்கள்?" என்று ஒரு தம்பி என்னிடமே கேட்டான். ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சரக்கு லாரிக்கு வாடகை கொடுப்பதும் நம் வண்டிக்குப் படி கொடுப்பதும் நிறுவனத்தின் செலவுக் கணக்கில்தான் சேரும். நாம் கேட்காத பணம், நம் சம்பளத்திலிருந்து நிறுவனத்துக்கு நாம் கொடுத்த பணம். இருபத்தைந்தாயிரம் சம்பளத்தில் அறை வாடகை கட்டுகிற பையன் அப்படிக் கொடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எங்கள் பயண விதிமுறையைக் கேட்டு வாங்கி முழுவதும் படித்தேன். யாரும் தானாகக் கொண்டுவந்து தரமாட்டார்கள். மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் அன்றே வந்துவிடும். காருக்குக் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு 5 ரூபாய். சுங்கக் கட்டணமும் வண்டி நிறுத்தும் கட்டணமும் ரசீது காட்டினால் தனி. வீட்டிலிருந்து வழக்கமான அலுவலகத்துக்குப் போய்வருவதற்குப் படி கிடையாது. இந்தக் கடைசி வரியில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தினமும் வேலைக்கு வந்து சேர்வது நம் பாடு. வேலைக்காக வேறிடம் அனுப்புவது அவர்கள் பாடு.

சிக்கல் முழுவதும் எங்கிருந்து எங்கே என்பதில்தான் இருக்கிறது. பீனியாவுக்கு வந்துவிட்டு ஓசூர் போனால் கணக்கு நேர். வீட்டிலிருந்து நேராக ஓசூர் போனால்? அல்சூரிலிருந்து ஓசூர் சுமார் 40 கிலோமீட்டர். பீனியாவிலிருந்து என்றால் ஊரைக் குறுக்கே வெட்டிப் போனாலும் 50ஐத் தாண்டும். இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் படி என்று விதி சொல்கிறது. அதுவும் நியாயம்தான், நான் உண்மையில் ஓட்டியது 40தான். ஆனால் முதல் மாதப் பணம் வந்தபோது போக 25, வர 25 என்று கணக்கிட்டிருந்தார்கள். கணக்குப் பிரிவில் போய்க் கேட்டேன். "வீட்டிலிருந்து ஆபீஸ் 15 கிலோமீட்டர் சார், அதற்குப் படி இல்லையே, அதனால் கழித்துவிட்டோம்" என்றார் அங்கிருந்த அதிகாரி. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. விதியில் இருந்த இரண்டு வரிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டார்.

ஒரு முறை போய்வந்தால் 30 கிலோமீட்டர் வெட்டு, அதாவது 360 ரூபாய். வாரத்துக்குச் சில நாள் ஓசூர் என்றால் மாதக் கடைசியில் அது நல்ல தொகை. தூரம் குறைவானதை எடுப்பது ஒரு முறை. அன்றாடப் பயணத் தூரத்தைக் கழிப்பது வேறொரு முறை. எந்த நிறுவனமும் இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. இரண்டையும் சேர்த்து வெட்டுவதுதான் அநியாயம். அன்று நான் பீனியா பக்கமே போகவில்லையே, போகாத பயணத்தை எதிலிருந்து கழிப்பது?

வாயால் வாதாடிப் பயனில்லை என்று எழுத்தில் கொடுத்தேன். ஒரே பக்கம். வீட்டிலிருந்து நேராகப் போகும் நாள், அலுவலகம் வந்துவிட்டுப் போகும் நாள், காலையில் ஓசூர் போய் மதியம் பீனியா திரும்பும் நாள் என்று மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் விதியில் எந்த வரி பொருந்தும், தூரம் எவ்வளவு, வரவேண்டிய தொகை எவ்வளவு என்று ஒரு அட்டவணை. கீழே ஒரே கேள்வி: குறைவான தூரத்தை எடுத்த பிறகும் அன்றாடத் தூரத்தைக் கழிக்க வேண்டுமா? மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல். புகார் என்ற சொல்லே அதில் வரவில்லை. யாரையும் குற்றம் சொல்லாத கடிதத்துக்குப் பதில் எழுதுவது எல்லோருக்கும் எளிது.

பதில் வரும்வரை சான்றுகளை ஒழுங்காகச் சேர்த்தேன். இந்த இடத்தில்தான் பலரும் சோர்ந்துபோகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கைகொடுத்தது தொழிற்சாலை வாசலில் தரும் பார்வையாளர் சீட்டு. காவலாளி அதில் வண்டி எண், உள்ளே வந்த நேரம், யாரைப் பார்க்க வந்தோம் என்று எழுதித் தருவார். வேலை முடிந்ததும் பார்க்கப்போன அதிகாரி வெளியேறும் நேரத்தைப் போட்டுக் கையெழுத்திடுவார். வாசலில் அந்தச் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். ஆகவே கையெழுத்தானதும் வண்டியில் ஏறுவதற்கு முன் அதைப் படம் எடுத்துவிட வேண்டும். நாள், நேரம், வண்டி, இடம் நான்கும் மூன்றாவது மனிதரின் கையெழுத்தில் இருக்கும் தாள் வேறு எதுவும் நமக்குக் கிடைக்காது.

அடுத்தது ஃபாஸ்டேக் கணக்கு. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்திலும் அத்திப்பள்ளியிலும் சுங்கம். வங்கியின் தளத்திலிருந்து மாதக் கணக்கை இறக்கினால் சுங்கச்சாவடியின் பெயர், நாள், தொகை எல்லாம் இருக்கும். அதில் நேரம் இரண்டு இடத்தில் வரும்: வண்டி சாவடியைக் கடந்த நேரம் ஒன்று, பணம் பிடிக்கப்பட்ட நேரம் இன்னொன்று. இரவு அத்திப்பள்ளியைக் கடந்தால் சில சமயம் பணம் மறுநாள் காலையில்தான் பிடிபடும். பயணத் தேதியும் ரசீதுத் தேதியும் ஒத்துவரவில்லை என்று என் கோரிக்கையில் அப்படி ஒரு பயணம் திரும்பி வந்தது. கடந்த நேரத்தை அடிக்கோடிட்டு மறுபடி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். இப்போது முதலிலேயே அடிக்கோடிட்டு அனுப்புகிறேன்.

ஓடோமீட்டரைக் கிளம்பும்போதும் வந்து சேர்ந்ததும் படம் எடுப்பதை எங்கள் நிறுவனம் கட்டாயமாக்கவில்லை. நான் எடுக்கிறேன். கணக்குப் பிரிவு வரைபடத்தில் மிகக் குறுகிய வழியைப் பார்க்கிறது. சில்க் போர்டு சந்திப்பில் வண்டி நகராத மாலை நேரத்தில் எந்த ஓட்டுநரும் அந்த வழியில் போகமாட்டார். பீனியாவிலிருந்து கிளம்பும் நாள்களில் நகரைச் சுற்றிப் போகும் நைஸ் சாலைதான் எனக்குத் தோது. துமகூரு சாலையிலிருந்து ஓசூர் சாலை வரை அதுவே 40 கிலோமீட்டருக்கு மேல், சுங்கமும் உண்டு. தூரம் கூடும், நேரம் மிச்சமாகும். "இன்று நைஸ் வழியாகப் போகிறேன், பத்து மணிக்குச் சோதனை" என்று மேலாளருக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதி, அவர் "சரி" என்று போட்ட பதிலைக் கோரிக்கையோடு இணைத்துவிடுவேன். பயணத்துக்கு முன்னால் வாங்கிய அந்த ஒரு சொல்லுக்கு, பயணம் முடிந்தபின் எழுதும் எத்தனை விளக்கமும் ஈடாகாது.

பெட்ரோல் பில் வேண்டாமா என்று தம்பிகள் கேட்கிறார்கள். கிலோமீட்டர் கணக்கில் படி தரும் இடத்தில் வேண்டாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால், பெட்ரோல் லிட்டர் 103 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7 ரூபாய் எரிபொருளுக்கே போய்விடும். மீதி 5 ரூபாயில்தான் டயர், ஆயில், சர்வீஸ், காப்பீடு, வண்டியின் தேய்மானம் எல்லாம் அடக்கம். பில்லைக் கேட்டு அந்தத் தொகையை மட்டும் கொடுத்தால் தேய்மானம் நம் தலையில் விழும். எங்கள் பிரிவில் யாராவது பில்லை இணைத்தால் நானே எடுத்துவிடச் சொல்கிறேன்.

வருமான வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பயம் அதிகம். செய்த பயணத்துக்குக் கணக்குக் காட்டி வாங்கும் தொகை சம்பளம் ஆகாது. சம்பளச் சீட்டில் மாதாமாதம் ஒரே தொகையாக வரும் போக்குவரத்துப் படி வேறு சமாச்சாரம்: பணி நிமித்தம் உண்மையாகச் செலவானது எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் வரிவிலக்கு, மீதி சம்பளத்தோடு சேரும். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் அந்த விலக்கு உண்டு. வீட்டிலிருந்து அலுவலகம் போய்வர மாதம் 1,600 ரூபாய் வரை தனியாக இருந்த விலக்கு 2018 ஏப்ரலோடு போய்விட்டது. அதற்குப் பதிலாகத்தான் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) வந்தது. சொந்தக் காரின் செலவை நிறுவனம் ஈடுகட்டும்போது நாள், போன இடம், தூரம், செலவு ஆகிய விவரங்களை நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்பது வருமான வரி விதிகளிலேயே இருந்தது. ஆக, கணக்குப் பிரிவு நம்மைத் துருவிக் கேட்பதில் பெரும்பகுதி அவர்கள் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியது. இது புரிந்தபின் அந்தக் கேள்விகள் எனக்கு உறுத்தவில்லை.

எங்கள் தெருவில் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்கள் காலத்தில் பயணப்படி கேட்க ஓராண்டு அவகாசம் இருந்ததாம். 2018 மார்ச்சில் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். உள்ளூர்ப் பயணம் என்றால் வழக்கமான பணியிடத்திலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் போயிருக்க வேண்டும். "எந்த ஆபீஸாக இருந்தாலும் தேதி தாண்டினால் பணம் போச்சு தம்பி" என்றார். எங்களுக்கு ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதிதான் கெடு. மார்ச் மாதத்தில் நிதியாண்டுக் கணக்கை முடிப்பதால் அதற்கும் முன்பே கேட்டுவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓசூரிலிருந்து திரும்பும்போது தரம் இல்லை என்று ஒதுக்கப்பட்ட உதிரிபாகங்களை என் காரிலேயே ஏற்றி வரச் சொன்னார்கள். நம் ஊரில் தனியார் காருக்கான காப்பீட்டில் மாதிரிப் பொருளும் சொந்த உடைமையும் தவிர்த்த சரக்கை ஏற்றுவது பயன்பாட்டு வரம்புக்கு வெளியே. பாலிசித் தாளில் பயன்பாட்டு வரம்புகள் என்ற பத்தியில் அச்சிட்டே இருக்கும். சோதனைக்கான மாதிரிகளை மட்டும் கொண்டுவந்தேன், மற்றவற்றுக்கு டெம்போ வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். கிலோமீட்டருக்கு 12 ரூபாய்க்காக யாரும் தன் காப்பீட்டைப் பணயம் வைக்கக் கூடாது.

என் கடிதத்துக்குப் பதில் ஒருவழியாக வந்தது. நேராகப் போகும் நாள்களில் குறைவான தூரம் மட்டுமே கணக்கு, மேலும் கழிவு இல்லை என்று மனிதவளப் பிரிவு எழுதி, விதிமுறையிலும் அந்த வாக்கியத்தைச் சேர்த்தது. வெட்டிய தொகை அடுத்த சம்பளத்தோடு தனி வரியாக வந்தது. எனக்கு மட்டும் இல்லை, அப்படிக் குறைத்து வாங்கியிருந்த எல்லோருக்கும் திருத்திக் கொடுத்தார்கள். கணக்குப் பிரிவு அதிகாரியே பட்டியல் எடுத்துச் சரிபார்த்தார். அவருக்கு என் நன்றி. கூச்சப்பட்ட அந்தத் தம்பியும் இப்போது பெட்ரோல் டேங்க்கின் மேல் நோட்டை வைத்துக் கிலோமீட்டரை எழுதிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறான்.

இன்னும் முடிக்காத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. 2024 ஜூனில் கர்நாடக அரசு விற்பனை வரியை உயர்த்தியபோது பெட்ரோல் லிட்டருக்கு 3 ரூபாய் ஏறியது. எங்கள் படி அதற்கும் முன்பு வைத்த இடத்திலேயே நிற்கிறது. பைக்குக்கு 5 ரூபாய் என்பதுதான் மிகவும் குறைவு, அதிகம் அலைவதும் பைக்கில் போகிற பிள்ளைகள்தான். விகிதத்தை ஆண்டுக்கொரு முறை பெட்ரோல் விலையோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம். அடுத்த நிதியாண்டுக்கான செலவுத் திட்டத்தோடு பார்க்கிறோம் என்று மேலாளர் எழுத்தில் சொல்லியிருக்கிறார்.