வாடகை வீட்டில் வாஷிங் மெஷின் யார் பொறுப்பு?

சென்னையில் வீட்டை வாடகைக்கு விடுபவர் வாஷிங் மெஷின் வாங்கி வைக்க வேண்டியதில்லை. போர் தண்ணீரின் உப்பு ஹீட்டரில் படியும், பழுதுச் செலவு யாருடையது என்று சண்டை வரும். ஆனால் எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக், முக்கால் அங்குல மரையுள்ள தனிக் குழாய், வடிகால் மூன்றும் அவர் கடமை.

பலர் கோட்டைவிடுவது தண்ணீர் அழுத்தத்தில். தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தாலும் கிடைப்பது சுமார் 0.3 பார் அழுத்தம்தான். மேல்மாடியில் அதுவும் இராது. ஃப்ரண்ட் லோடு (முன்பக்கக் கதவு) மெஷின் பிழை காட்டி நின்றுவிடும். சிறிய பிரஷர் பம்ப் போட்டுக்கொடுங்கள். ஃப்ரண்ட் லோடு மெஷினின் வடிகால் ஹோஸைத் தரையிலேயே விட்டால் ஏறுகிற தண்ணீர் தானாக வெளியேறிக்கொண்டே இருக்கும், 60 செ.மீ. உயரத்துக்காவது தூக்கிக் கட்ட வேண்டும்.

சில மாதங்களே தங்குபவர்களுக்கான ஃபர்னிஷ்டு வீடு மட்டும் விதிவிலக்கு. அங்கே மெஷின் கொடுங்கள். மாடல், வாங்கிய ஆண்டு, பழுதுச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.