சிடன்ஹாம் வீட்டுச் சுவரில் மிதித்து ஏறும் சாரம்

டர்பனில் சிடன்ஹாம் சரிவில் இருக்கிறது எங்கள் வீடு. இரண்டு தளங்களிலும் வெளிச்சுவர் முழுவதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அமருமாறு அடித்த மரப்பலகை. கடலின் உப்புக் காற்றும் கோடை மழையும் வண்ணத்தை உரித்துவிட்டிருந்தன. வெயில் அதிகம் படாத தெற்குச் சுவரிலோ, சில பலகைகள் விரலால் அழுத்தினாலே உள்ளே போகும் அளவுக்கு உளுத்துப் போயிருந்தன. நீளமான பலகையைக் கழற்றிப் புதியதைப் பொருத்த இருவர் வேண்டும், இருவருக்கும் இரண்டு கைகளும் வேண்டும் என்பதால் ஏணியில் நின்று செய்யக்கூடிய வேலை அன்று அது.

நியூ ஜெர்சியில் தச்சு வேலை செய்யும் என் மனைவியின் அண்ணன் கடந்த ஜூன் மாதம் வந்தபோது, பெட்டிக்குள் இரண்டு எஃகு பம்ப் ஜாக்குகளைக் கொண்டுவந்தார். வீட்டின் வெளிப்பலகை அடிப்பவர்கள் அமெரிக்காவில் பெரிதும் பயன்படுத்தும் சாரம் இது. சுவரை ஒட்டி இரண்டு கம்பங்கள் நிற்கும். ஒவ்வொரு கம்பத்தையும் ஒரு ஜாக் கவ்விக்கொண்டிருக்கும். இரண்டு ஜாக்குகளின் மேலும் நடைபலகை கிடக்கும். மிதியைக் காலால் மிதிக்க மிதிக்க ஜாக் கம்பத்தில் ஏறும். இறங்க வேண்டுமானால் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். குழாய்ச் சாரத்தைப் போல ஒவ்வொரு உயரத்துக்கும் பலகையைப் பிரித்துப் போடும் வேலை இல்லை. கண்ணுக்கு நேரே எந்தப் பலகை வர வேண்டுமோ, அங்கே போய் நிற்கலாம். இந்த வசதிதான் என்னை இதன் பக்கம் இழுத்தது.

கம்பங்கள் செய்வதிலேயே மூன்று நாட்கள் போயின. எங்கள் ஜாக்குகள் அமெரிக்க மர அளவுக்கு, அதாவது 38 மில்லிமீட்டர் கனமும் 89 மில்லிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு சட்டங்களைச் சேர்த்து அடித்த கம்பத்துக்கு, ஏற்றவை. இங்குள்ள மரக்கடையில் 38 கனத்தில் 76, 114 என்ற அகலங்களே கிடைத்தன. 114ஐ வாங்கி 89க்கு அறுக்கச் சொன்னேன். அறுத்தவற்றிலும் கணு பெரிதாக இருந்தவற்றையும் இழை குறுக்கே ஓடியவற்றையும் மச்சான் ஈவிரக்கம் பார்க்காமல் ஒதுக்கினார். தேறிய ஆறு மீட்டர்ச் சட்டங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, 75 மில்லிமீட்டர் ஆணிகளை 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, இரு ஓரங்களிலும் மாற்றி மாற்றி அடித்தோம். இரண்டு சட்டங்களும் சேரும் கோடு ஜாக்கின் தாங்கிக்கு இணையாக இருக்குமாறு கம்பத்தை நிறுத்த வேண்டும் என்பதும் அவர் சொல்லித் தெரிந்ததுதான். நடைபலகை மரமாக இருந்தால் கம்பங்களுக்கு இடையே மூன்று மீட்டருக்கு மேல் விடக் கூடாது. மேலே இருவருக்கு மேல் ஏறக் கூடாது. மொத்தச் சுமையே ஏறத்தாழ 225 கிலோதான் என்பதால், புதிய பலகைகளை மேலே அடுக்கி வைக்காமல் ஒவ்வொன்றாகக் கயிற்றில் ஏற்றினோம்.

அடித்தளத்தில் நான் தவறு செய்தேன். டர்பனில் பெரியா என்னும் மேட்டுப் பகுதியின் சிவப்பு மணல் காய்ந்திருக்கும்போது கடப்பாரைக்கே வளைந்து கொடுக்காது; நனைந்தால் அந்த வலு போய்விடும். இதை நன்றாக அறிந்திருந்தும், கிழக்குக் கம்பத்தை ஒரு முழப் பலகைத் துண்டின் மேல் நிறுத்தி, இது போதும் என்று விட்டுவிட்டேன். அன்றிரவு மழை பெய்தது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அந்தக் கம்பத்துக்கு ஒரு மீட்டர் தள்ளித்தான் கொட்டுகிறது. காலையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. கம்பம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. கம்பத்தின் அடியைச் சுவரோடு பிணைக்கும் முட்டின் ஆணிகளில் ஒன்று பாதி வெளியே வந்திருந்தது. யாரும் மேலே ஏறியிருக்கவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. எல்லாவற்றையும் இறக்கி, சரிவைப் படிபோல வெட்டிச் சமப்படுத்தி, 50 மில்லிமீட்டர் கனமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள பலகையைப் பதித்து, கம்பத்தின் கால் நழுவாமல் அதைச் சுற்றிக் கட்டைகள் அடித்தோம். குழாய்த் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டோம்.

அந்த ஆணி பிடுங்கிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது: அது வெளிப்பலகையில் மட்டும் இறங்கியிருந்தது. கம்பத்தைச் சுவரோடு பிணைக்கும் முக்கோண முட்டுகளின் ஆணி பலகைக்குப் பின்னால் சுவரைத் தாங்கி நிற்கும் நிலைச்சட்டத்தில் பாய வேண்டும். அடியில் ஒன்று, உச்சியில் ஒன்று, இடையில் மூன்று மீட்டருக்குள் ஒன்று என்று மறுபடியும் முட்டுகளை அடித்தோம்.

இந்த இடைமுட்டைக் கடக்கும் நேரத்தைத்தான் நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜாக் ஏறும் வழியில் முட்டு குறுக்கே நிற்கிறது; கழற்றினால்தான் மேலே போக முடியும். முதல் நாள் நான் சுத்தியலை எடுத்த உடனே மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “மாப்பிள்ளை, முதல்ல மேல ஒண்ணு அடிங்க. அது நின்ன பிறகு இதைத் தொடலாம்” என்றார். கழற்றப்போகும் முட்டுக்கு 1.2 மீட்டர் மேலே தற்காலிகமாக இன்னொரு முட்டு அடித்துவிட்டுத்தான் பழையதைக் கழற்ற வேண்டும்; ஜாக் கடந்ததும் பழையதை அதே இடத்தில் திரும்ப அடித்த பிறகே தற்காலிகமாக அடித்ததை எடுக்க வேண்டும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியே இப்படித்தான் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரத்தைச் சேமிக்க நினைப்பவருக்கு இந்தச் சாரம் வேண்டாம்.

ஏறும்போது ஒருவர் எண்ண, இருவரும் ஒரே சமயத்தில் அவரவர் மிதியை மிதித்து, பலகை சமமாக இருக்கும்படி ஏறினோம். இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடிச் சட்டம் இருந்தது. நடைபலகை தவிர, பொருள் வைக்கத் தனியே இருந்த மேடைப்பலகையின் மேல் யாரும் ஏறி நிற்கக் கூடாது என்பதை என் மகனிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

வேலையின் ஐந்தாம் நாள் பெர்க் காற்று அடித்தது. குளிர்காலத்தின் நடுவில் திடீரென்று சூடாக வீசும் அந்தக் காற்று ஓய்ந்ததும் தென்மேற்கிலிருந்து பலத்த காற்று பாய்ந்து வரும் என்பது டர்பன்காரர்களுக்குத் தெரியும். மதியமே கைப்பிடியைச் சுழற்றி இறங்கிவிட்டோம். மறுநாள் மாலைவரை யாரும் சாரத்தில் ஏறவில்லை.

பதினோரு பலகைகள் மாற்றி, முழுச்சுவருக்கும் இரண்டு கை வண்ணம் அடித்து முடிந்தது. முட்டுகளின் ஆணித் துளைகளை இறங்கும்போதே மக்கு வைத்து அடைத்து, அடிப்பூச்சும் பூசிக்கொண்டே வந்தோம். உச்சி முட்டுகளின் துளைகளை மட்டும், கம்பங்களைச் சாய்த்த பிறகு, மகன் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள நானே ஏறி அடைத்தேன்.